ஸ்டேப்ளர் ஏன் மக்கர் செய்கிறது?

ஸ்டேப்ளர் மக்கர் செய்தால் மேசையில் ஓங்கித் தட்டுவதுதான் பல அலுவலகங்களில் முதல் வைத்தியம். தட்டத் தட்ட அதன் வாய் நெளிந்து, அப்புறம் விழும் பின்களும் கோணலாகவே விழும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் தட்டவே வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ஜார்ஜ் மெக்கில் 1879-இல் காப்புரிமை பெற்ற கருவியில் ஒரு நேரத்தில் ஒரு பின்னைத்தான் வைக்க முடியும். இன்று நாம் வாங்குவது 50 பின்களைப் பசையால் ஒட்டிய பட்டை. பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மேலே அழுத்தினால், பின் கம்பியின் கனமே உள்ள ஒரு தகடு இறங்கி, முதல் பின்னை மட்டும் பட்டையிலிருந்து பிய்த்துக் கீழே தள்ளும். பின்னின் இரு கால்களும் தாளைத் துளைத்து, அடித்தட்டில் உள்ள பள்ளங்களில் முட்டி மடங்கும்.

பாதி அழுத்தித் தயங்கினால் அந்தக் கம்பி வளைந்து வாய்க்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். சிக்கினால் மூடியைத் திறந்து, முதலில் பட்டையை வெளியே எடுத்துவிடுங்கள். வாய்ப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வளைந்த பின் பளபளவென்று தெரியும். ஒரு ஊக்கின் முனையால் நெம்பினால் வந்துவிடும். தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு அடிக்காமல், மேசையில் வைத்து உள்ளங்கையால் ஒரே அழுத்தாக அழுத்தினால் சிக்குவதே குறையும்.

அடுத்த காரணம், பொருந்தாத பின். நம் கடைகளில் அதிகம் கிடைப்பவை 10-ஆம் நம்பரும் 24/6-உம். 24 என்பது கம்பியின் கேஜ்; 6 என்பது காலின் நீளம், மில்லிமீட்டரில். 10-ஆம் நம்பர் பின்னின் கால் சுமார் 5 மி.மீ. சாதாரண ஜெராக்ஸ் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம். 20 தாள் அடுக்கினால் 2 மி.மீ. போக, மடங்குவதற்கு 3 மி.மீ. மிஞ்சும். 35 தாளைத் திணித்தால் மிஞ்சுவது ஒன்றரை மி.மீ.தான்; அதற்குள் மெல்லிய கம்பி நடுவழியிலேயே மடங்கிவிடும். இது ஸ்டேப்ளரின் குற்றமில்லை. தடித்த கட்டுக்கு 24/6 பின் போடும் ஸ்டேப்ளரை எடுங்கள். அதற்கும் மிஞ்சினால் துளையிட்டு டேக் போடுவதுதான் சரி.

திடீரென்று பின்னின் கால்கள் உள்பக்கம் மடங்காமல் வெளிப்பக்கம் விரிகின்றனவா? ஸ்டேப்ளர் பழுதாகிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். அடித்தட்டின் கீழே ஒரு சிறிய பொத்தான் இருக்கிறதா பாருங்கள். அதை அமுக்கித் தட்டை அரைவட்டம் திருப்பினால் பழையபடி மடங்கும். தற்காலிகமாகச் சேர்க்கும் தாள்களுக்காகவே வைத்த வசதி இது. விரிந்த கால்களுள்ள பின்னைத் தாள் கிழியாமல் உருவிவிடலாம். இவ்வளவு நல்ல ஏற்பாட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. எல்லாச் சின்ன ஸ்டேப்ளரிலும் இது இருக்காது.

பின்னை எடுக்க நகத்தைப் பயன்படுத்தவும் வேண்டாம். பல 10-ஆம் நம்பர் ஸ்டேப்ளர்களின் வால்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான நாக்கு அதற்குத்தான். அடுத்த முறை பின் வாங்கப் போகும் முன், உங்கள் ஸ்டேப்ளரில் பொறித்திருக்கும் நம்பரைப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.