மண்ணுக்குள் ஒரு வெள்ளை ஜட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஜட்டியைப் பற்றிய கட்டுரை. முகம் சுளிப்பவர்கள் இப்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், அங்கே ராசிபலன் இருக்கும். மற்றவர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள். சத்தம் போடாமல் சூரிச் நகரத்து மண் ஆய்வாளர்களின் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்.

அடுக்களை என்று சும்மா சொல்லவில்லை. அங்கே நடந்த சமாசாரத்தைக் கேளுங்கள். 2021-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்து அரசின் வேளாண் ஆராய்ச்சி நிலையமான அக்ரோஸ்கோப்பும் சூரிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து நாடு முழுக்க ஆயிரம் பேரைத் திரட்டின. விவசாயிகள், தோட்டம் வைத்திருப்பவர்கள், வீட்டு முன்னால் புல்தரை வளர்ப்பவர்கள் எல்லாரும் அதில் உண்டு. அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு புத்தம்புது வெள்ளை ஜட்டிகள் தபாலில் போய்ச் சேர்ந்தன. உடுத்திக்கொள்ள இல்லை, குழி தோண்டிப் புதைக்க! ஆக மொத்தம் 2,000 ஜட்டிகள். ரசாயனம் இல்லாமல் விளைந்த பருத்தியில் செய்தவை. திருப்பூர்க்காரர்கள் யாராவது இந்த ஆர்டரைக் கவனித்தார்களா என்று தெரியவில்லை.

இந்தத் திட்டத்துக்கு அவர்கள் ஜெர்மன் மொழியில் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘சாட்சிப் பொருள்: உள்ளாடை’ என்று வரும். நீதிமன்றத்தில் குமாஸ்தா கூப்பிடுவது போலில்லை?

சாட்சி சொல்வது இப்படித்தான். பருத்தி என்பது அநேகமாக முழுக்க செல்லுலோஸ். செடியின் உடம்பு எதனால் ஆனதோ அதுதான் இதுவும். மண்ணில் வாழும் பூஞ்சைகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் காய்ந்த சருகும் ஒன்றுதான், உங்கள் ஜட்டியும் ஒன்றுதான், இரண்டும் சாப்பாடு. நொதியைச் சுரந்து துணியைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து ஒன்றைத் தோண்டி எடுக்க வேண்டும், இன்னும் ஒரு மாதம் கழித்து மற்றதை. மண் நல்ல பசியோடு இருந்தால் கையில் வருவது இடுப்பு எலாஸ்டிக்கும் நாலைந்து நூல் துணுக்கும்தான். அந்த எலாஸ்டிக் செயற்கை இழை என்பதால் நுண்ணுயிர்கள் அதைச் சீண்டுவதில்லை. மண் சோர்ந்து கிடந்தால் அழுக்கேறிய ஜட்டி முழுசாக வரும், துவைத்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம் போல.

இப்போது அந்தக் காட்சியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்களேன். ஆயிரம் பேரும் கிழிந்து கந்தலான ஜட்டியைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் கணினி முன் உட்கார்ந்து, துணியில் எத்தனை பங்கு ஓட்டை, எத்தனை பங்கு மிச்சம் என்று அளக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் ‘இன்றைக்கு ஆபீசில் என்ன வேலை?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்?

ஜட்டியோடு இன்னொன்றும் குழிக்குள் போனது: டீ பை. இது வேறொரு ரசமான கதை. 2013-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்த முறை இது. பச்சைத் தேயிலைப் பை ஒன்று, தென்னாப்பிரிக்க ரூயிபோஸ் பை ஒன்று, இரண்டையும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து மூன்று மாதம் விட வேண்டும். பச்சைத் தேயிலை சீக்கிரம் மக்கும், ரூயிபோஸ் சாவகாசமாக மக்கும். புதைக்கும் முன் ஓர் எடை, எடுத்து உலர்த்திய பின் ஓர் எடை. அவ்வளவுதான், மண் எவ்வளவு வேகமாகச் செரிக்கிறது, எவ்வளவை மிச்சம் வைக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். எல்லாரும் ஒரே மாதிரிக் கடைப் பையைப் புதைப்பதுதான் இதன் சூட்சுமம். ஆனால் டீ கம்பெனிக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம் எதற்கு? ஒரு நாள் அது பாட்டுக்குப் பையின் துணியை மாற்றிவிட்டது. பழைய பையும் புதிய பையும் ஒன்றா என்று விஞ்ஞானிகள் மறுபடி பரிசோதிக்க வேண்டியதாயிற்று. டீ மாஸ்டர் கிளாசை மாற்றினால் நாம் பதறுவோமே, அந்தக் கதைதான்.

ஜட்டி வைத்தியத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். வறண்ட மண்ணில் எந்தத் துணியும் சீக்கிரம் மக்காது, குளிரிலும் அப்படியே. வேகமாக மக்கினால்தான் நல்ல மண் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் துணியின் படத்தோடு மண் மாதிரியையும் அள்ளி அனுப்பச் சொன்னார்கள். ஜட்டி ஆளை உள்ளே இழுக்கும் தூண்டில். மீன், அந்த மண்.

சரி, இவ்வளவு கூத்தும் எதற்கு? இதே ஆட்களின் மற்ற வேலைகளைப் பார்த்தால் விளங்கும். பூமியில் உள்ள உயிரினங்களில் எத்தனை மண்ணில் வாழ்கின்றன என்று எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்றை இந்தக் குழுவைச் சேர்ந்த மார்க் ஆன்டனி, ஃபிரான்ஸ் பெண்டர், மார்செல் ஃபான் டெர் ஹைடன் மூவரும் 2023-இல் வெளியிட்டார்கள். அவர்கள் கணக்கு: சுமார் 59 சதவீதம். பாதிக்கு மேல்! நாம் மேல்மாடியில் குடியிருக்கிறோம், கீழ்வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல்.

அந்தக் கீழ்வீட்டுக்காரர்களில் ஒருவரை நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். ‘வேம்’ என்று பொட்டலத்தில் வாங்கிப் போடுகிறோமே, வேர் உட்பூசணம், அவர்தான். வேருக்குள் நுழைந்து, வேரால் எட்ட முடியாத இடத்திலிருந்து மணிச்சத்தை இழுத்து வந்து கொடுத்து, பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் பண்டமாற்றுக்காரர். உயிருள்ள வேர் இல்லாமல் வளரவே மாட்டார், அதனால் இவரைப் பெருக்க வேண்டுமென்றால் செடி வளர்த்துத்தான் ஆக வேண்டும். விலைக்கு வாங்கிப் போட்டால் சில வயலில் பயிர் துள்ளும், சில வயலில் காசு கரியாகும். ஏன் என்று எவருக்கும் பிடிபடாமல் இருந்தது.

சூரிச் ஆட்கள் 54 மக்காச்சோள வயல்களில், 800 பாத்திகளில், விதைப்புக்கு முன் இந்தப் பூஞ்சையை மண்ணில் கலந்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. கால்வாசி வயல்களில் விளைச்சல் 40 சதவீதம் வரை கூடியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு வயல்களில் ஒன்றும் இல்லை, சிலவற்றில் குறையவே குறைந்தது. எங்கே கூடியது? சத்துக் குறைந்த மண்ணில் என்றுதானே நாம் சொல்வோம்? கிடையாது. நோய் உண்டாக்கும் பூஞ்சைகள் மலிந்த மண்ணில்தான் இது நன்றாக வேலை செய்தது. சாப்பாடு போடுவதற்கு அழைத்த ஆள் வாசலில் நின்று காவல் காத்திருக்கிறார்! மண்ணில் ஏற்கெனவே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தே, பத்தில் ஒன்பது வயல்களுக்குப் பலன் இருக்குமா இருக்காதா என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. பொட்டலம் வாங்குமுன் மண்ணைப் பாரப்பா என்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது கையும் காலும் ஓடவில்லை.

சும்மா இருப்பேனா? மொட்டை மாடியில் கறிவேப்பிலைத் தொட்டிக்குள் ஒன்றைப் புதைத்தேன். புதியது, வெள்ளை, பருத்தி, எல்லாம் விதிப்படி. துணி காயப்போட வந்த அம்மா பார்த்துவிட்டார்.

“டேய், என்னடா பொதைக்கிற?”

சொன்னேன்.

“ஏண்டா, துணியைத் தொட்டிக்குள்ள பொதைச்சா அக்கம்பக்கத்துல செய்வினைன்னு நெனைக்க மாட்டாங்களா?”

சுவிட்சர்லாந்து, செல்லுலோஸ், 59 சதவீதம் எல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எதிர்வீட்டு அக்கா இரண்டு நாளாக எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை கேட்பதில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நாளையோடு முப்பது நாள். கொத்துக்கரண்டி எடுத்து வைத்துவிட்டேன், டிஜிட்டல் தராசும் தயார். அம்மா தன் பங்குக்கு மூன்று எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறார்.