மறுப்புக் கடிதம் தீர்ப்பல்ல



மாரி தொடங்கி கச்சான் மாறிக் காற்று எழும்பினால், கிழக்குக் கரையில் பெரியவர்கள் இன்றும் 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவைப் பற்றிப் பேசுவார்கள். அன்றைய சூறாவளியில் கூரை இழந்த வீடுகள் எத்தனை எத்தனை! இன்று வங்கிக் கடனில் வீடு கட்டிய பலரிடம் காப்புறுதிப் பத்திரம் இருக்கிறது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது, நட்டஈடு மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்பதை அறிந்தோர் சிலரே.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு கடிதத்துடன் வந்தார். மழைக் காற்றில் அவரது மண்டபக் கூரையின் தகடுகள் பறந்து, சீலிங் நனைந்து விழுந்திருந்தது. காப்புறுதி நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து பத்து நிமிடம் பார்த்துச் சென்றாராம். மூன்று வாரத்தில் பதில் வந்தது: “சேதம் நாட்பட்ட தேய்மானத்தாலும் பராமரிப்பின்மையாலும் ஏற்பட்டது. நட்டஈடு வழங்க இயலாது.”

“அல்லாஹ்ட நாட்டம், மௌலவி. விட்டிருவமா?” என்றார்.

“சேர், காற்று அல்லாஹ்வின் நாட்டம். அதற்கு ஸபூர் செய்யுங்கள். இந்தக் கடிதம் மனிதர் எழுதியது. அதற்குப் பதில் எழுதுவோம்” என்றேன்.

வாசகர்களே, இதை மனதில் வையுங்கள். மறுப்புக் கடிதம் நீதிமன்றத் தீர்ப்பல்ல. உடன்படிக்கை செய்த இரு தரப்பில் ஒரு தரப்பின் கருத்து மாத்திரமே அது.

முதலில் பத்திரத்தைத் தேடினோம். அது வங்கியில் இருந்தது. பிரதி எடுத்து, ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிவரியாக வாசித்தோம். தீக்காப்புறுதியுடன் புயல், சூறாவளி, வெள்ளம் ஆகியனவும் சேர்க்கப்பட்டிருந்தன. சில பத்திரங்களில் இவை சேர்க்கப்படுவதில்லை. அப்படியாயின் வழக்காடிப் பயனில்லை. எனவே அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, எந்த நிபந்தனையின்படி மறுத்தார்கள் என்பதையும், வந்து பார்த்தவரின் அறிக்கைப் பிரதியையும் எழுத்தில் கேட்டோம்.

பிறகு சான்றுகள். அன்றைய காற்று, மழை பற்றிய பதிவை வளிமண்டலவியல் திணைக்களத்திடம் கேட்டுப் பெறலாம். அதே இரவில் அயல்வீடுகளும் சேதமுற்றதைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தினார். கூரை வேலை தெரிந்த பாஸ் ஒருவர் ஏறிப் பார்த்தார். புதிதாக முறிந்த கைமரத்தின் உட்புறம் வெளுத்திருக்கும். உக்கிய மரம் கறுத்து, நகத்தால் சுரண்டினாலே உதிரும். மண்டபத்து மரம் வெளுத்திருந்தது. அவர் கண்டதை எழுதிக் கையொப்பமிட்டார். உடைந்த தகடுகளையும் கழன்ற கொக்கி ஆணிகளையும் வீசாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று.

எல்லாவற்றிலும் பெரிய சான்றைத் தந்தவர் சேரின் மனைவி. “எங்கட மகள்ட நிக்காஹ் அல்பத்தப் பாருங்களேன்” என்றார். ஒரு வருடத்துக்கு முந்திய அப்படங்களில் மண்டபத்து சீலிங் ஒரு கறைகூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது! கூரை நெடுநாள் ஒழுகியிருந்தால் கறை தெரிந்திருக்குமல்லவா?

இங்கே ஒரு சோதனையும் வந்தது. குசினிக் கூரை முன்பிருந்தே ஒழுகியது. “அதையும் சேர்த்து எழுதினால் என்ன?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். சேர் சம்மதிக்கவில்லை. “குசினிச் சேதம் பழையது, அதற்கு நான் கேட்கவில்லை” என்று முறையீட்டிலேயே எழுதினார். நமக்குரியதைக் கேட்பது உரிமை. உரியதல்லாததைச் சேர்ப்பது ஹராம். அத்துடன், ஒரு பொய் வெளிப்பட்டால் முழுக் கோரிக்கையுமே தள்ளப்படலாம்.

முறையீடு கிளைக்கன்றி, தலைமைக் காரியாலயத்துக்குப் பதிவுத் தபாலில் போனது. தொலைபேசியில் பேசியதையும் திகதியிட்டுக் குறித்து வைத்தார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறு ஸூரா அல்பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுவதை நாம் ஓதுகிறோம். எழுதும் பழக்கம் மட்டும் நம்மிடம் குறைவு.

நிறுவனம் மீண்டும் ஆள் அனுப்பியது. மண்டபக் கூரைக்கு நட்டஈடு தர இணங்கியது. ஆனால் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. காரணம், வீட்டின் பெறுமதிக்கன்றிக் கடன் தொகைக்கே காப்புறுதி எடுக்கப்பட்டிருந்தது. உதாரணமாக, 40 இலட்சம் பெறுமதியான வீட்டை 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், 3 இலட்சச் சேதத்துக்கு ஒன்றரை இலட்சமே கணக்கிடப்படும். அதிலும் உரிமையாளர் ஏற்க வேண்டிய பங்கு கழிக்கப்படும். இந்தக் கணக்கு அநேக பத்திரங்களில் உண்டு.

நிறுவனம் மீண்டும் மறுத்திருந்தால்? காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை, ஆனால் முதலில் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். நீதிமன்றம் கடைசிப் படி. அதற்கு முன் சட்டத்தரணியிடம் கால எல்லையைக் கேட்டறிய வேண்டும். தகாபுல் எடுத்தவர்களுக்கும் இதே வழிதான்.

சகோதர சகோதரிகளே! காற்று வருமுன் இன்றே மூன்று காரியம் செய்யுங்கள். பத்திரத்தின் பிரதியை வீட்டில் வையுங்கள். கூரையையும் சீலிங்கையும் படமெடுத்துத் திகதி குறியுங்கள். காப்புறுதித் தொகை வீட்டைத் திரும்பக் கட்டப் போதுமா என்று பாருங்கள். சேதம் நேர்ந்தால் முதலில் படமெடுத்து, உடனே நிறுவனத்துக்கு அறிவித்து, பிறகு தறப்பாள் போட்டு மூடுங்கள். தறப்பாள் வாங்கிய பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

சேரின் மண்டபத்தில் இன்று புதிய கூரை இருக்கிறது. குசினிக் கூரையை அவர் தன் ஓய்வூதியத்தில் சிறிது சிறிதாகத் திருத்தி வருகிறார். “இப்ப நிம்மதியா நித்திரை வருது, மௌலவி” என்கிறார். அல்ஹம்துலில்லாஹ்!