வீட்டில் இனித்த கிட்டார் பேண்டில் ஏன் காணாமல் போகிறது?

டிஜிட்டல் ஆம்ப் வாங்கிய பிள்ளைகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் அதற்கு ஒலி அமைக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேஸைக் கொஞ்சம் கூட்டி, மிட்டைக் குறைத்து, ட்ரெபிளை ஏற்றி, மேலே ரிவெர்ப் என்ற எதிரொலியும் தூவி, ப்ரீசெட்டாகச் சேமித்துவிடுவார்கள். தனியாகக் கேட்டால் நிஜமாகவே பிரமாதமாக இருக்கும். வார இறுதியில் ஒத்திகைக்கு வந்து ட்ரம்ஸ் முழங்கியதும் அந்த ஒலி போன இடம் தெரியாது. வடபழனியில் ஒத்திகை அறை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன்; நானும் கிட்டார் வாசிக்கிறவள். இந்தக் கேள்வி மாதம் தவறாமல் என்னிடம் வருகிறது.

“வீட்ல செமயா இருந்துச்சுக்கா. இங்க வந்தா நான் வாசிக்கிறது எனக்கே கேக்கல. இன்னும் பெரிய ஆம்ப் வாங்கணுமா?”

வேண்டாம் தம்பி. ஆம்ப் சரியாகத்தான் இருக்கிறது. ஒலி அமைத்த இடமும் நேரமும்தான் சரியில்லை.

பழைய வால்வு ஆம்ப்களைச் சத்தமாக வைத்தால்தான் அந்தக் கனிந்த கரகரப்பு வரும். டிஜிட்டல் ஆம்ப் அதையே கணக்குப் போட்டு எந்த அளவுச் சத்தத்திலும் தந்துவிடுகிறது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் ‘பாட்’ என்ற சிவப்புப் பெட்டி வந்த பிறகு, படுக்கையறையில் முணுமுணுக்கும் சத்தத்திலேயே மேடை ஆம்ப்பின் குணம் கிடைத்தது. மகத்தான வசதி. ஆனால் கருவி ஒரே மாதிரி ஒலித்தாலும் நம் காது ஒரே மாதிரி கேட்பதில்லை.

1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடித்தொனி சரியாக எட்டாது. 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று 40 டெசிபலில் கேட்கிறது என்றால், 100 ஹெர்ட்ஸ் ஒலி அதே அளவு உரக்கக் கேட்க இன்னும் 20 டெசிபலுக்கு மேல் தேவைப்படும். சத்தம் 80 டெசிபலுக்குப் போனால் அந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆக, ராத்திரியில் காது கேட்காமல் விட்ட பேஸை நாம் ஆம்ப்பில் கூட்டி ஈடுகட்டுகிறோம். ஒத்திகையில் சத்தம் ஏறியதும் காது அந்த பேஸைத் தானாகவே கேட்கத் தொடங்குகிறது. கூட்டி வைத்தது அப்படியே மிச்சமாகி, கொழகொழவென்று அறையை நிரப்புகிறது. உச்சத்து ட்ரெபிளும் இப்படித்தான், காதில் ஊசியாக இறங்கும்.

இது பாதிக் கதை. மீதி, பேண்டில் யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பது. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். அதற்குப் பக்கத்திலேயே கிக் ட்ரம் உட்கார்ந்திருக்கிறது. மேலே சிம்பல்களின் ஆட்சி. கிட்டாருக்கென்று மிஞ்சுவது நடுப்பகுதி, தோராயமாக 400 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை. தனியாக வாசிக்கும்போது மூக்கால் பேசுவது போல இருக்கிறதென்று நாம் குறைத்துவிடும் அதே மிட்! ‘இளைய நிலா’ பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் தனித்து வருகிறது. அங்கே அது முழு உடம்போடு ஒலிக்கலாம், யாரும் இடிபட மாட்டார்கள். நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்போது அந்த உடம்பின் கீழ்ப்பகுதியை பேஸ்காரரிடம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

அதனால் நான் செய்யச் சொல்வது இதுதான். ட்ரம்ஸ்காரரையும் பேஸ்காரரையும் பாட்டின் ஒரு பகுதியை நிறுத்தாமல் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் வால்யூமை மட்டும் அவர்களுக்குச் சமமாகக் கொண்டுவாருங்கள். பிறகு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஃபில்டரால் வெட்டுங்கள். கிட்டார் மெலிந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றும், பேண்டாகக் கேட்கிறவருக்கு அப்படித் தோன்றாது. மேலே 7000 ஹெர்ட்ஸ் அருகே இன்னொரு வெட்டு. மிட்டை ஏற்றுங்கள், நான் பாரபட்சமில்லாமல் எல்லோருக்கும் சொல்லும் வார்த்தை இது. கரகரப்பைக் கூட்டும் கெயினைக் குறையுங்கள். கெயின் ஏற ஏற விரலின் அழுத்தத்துக்கும் மென்மைக்கும் உள்ள வித்தியாசம் நசுங்கி, எல்லா ஸ்வரமும் ஒரே உயரத்தில் நின்றுவிடும். சத்தம் கூடும்போது கரகரப்பு தானாகவே அதிகம் போலத் தெரியும். ரிவெர்பை வீட்டில் வைத்ததில் பாதி வைத்தால் போதும், அறையே மீதியைப் போட்டுக்கொள்ளும்.

இப்போது ஸ்பீக்கர். கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். அந்தக் குறைதான் மின்சாரக் கிட்டாரின் அழகு. டிஜிட்டல் கருவியை நேராகப் பாடகரின் பி.ஏ. ஸ்பீக்கரில் செருகினால் அந்தத் தடுப்பு இருக்காது. அதற்காகத்தான் ‘கேப் சிமுலேஷன்’ என்ற வசதி, ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைக் கணக்காகவே சேர்த்துக் கொடுக்கிறது. பி.ஏ.வுக்குப் போனால் அதைப் போட வேண்டும், நிஜக் கிட்டார் ஸ்பீக்கருக்குப் போனால் அணைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் போர்வைக்குள்ளிருந்து வாசித்த மாதிரி இருக்கும். ஒலி மங்கலாக இருக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு பொத்தானைத்தான்.

ஆம்ப்பைத் தரையில் வைக்காதீர்கள். ட்ரெபிள் ஸ்பீக்கரின் நேர்முன்னே கற்றையாகப் பாயும். தரையில் இருந்தால் அது உங்கள் முழங்காலுக்குப் போகிறது. எதிரே தூரத்தில் நிற்கும் பாடகருக்குக் காது கிழிகிறது, உங்களுக்கோ மந்தமாக இருக்கிறதென்று இன்னும் ட்ரெபிளைக் கூட்டுகிறீர்கள். நாற்காலியில் ஏற்றி, முகம் பார்த்துச் சாய்த்து வையுங்கள். மூலையிலிருந்து இழுத்து வெளியே வைத்தால் பேஸின் குமுறலும் அடங்கும்.

வாட் விஷயத்துக்கு வருகிறேன். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். பெரிய ஆம்ப்பின் பயன் வேறு: திணறாமல் இருப்பது. வால்வு ஆம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது இதமாக நசுங்கும். டிஜிட்டல் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தால் வருவது வெறும் கிழிசல். 2019இல் ஃபெண்டர் தன் 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப்புக்கு ‘டோன் மாஸ்டர்’ என்ற டிஜிட்டல் வடிவம் கொண்டுவந்தபோது, அந்த 22 வாட்டின் வீச்சைத் தர 100 வாட் பவர் ஆம்ப் வைத்தது. ஆகவே ப்ரீசெட்டில் உச்சம் தொடாமல் இடம் விட்டு வையுங்கள். சோலோவுக்கு 3, 4 டெசிபல் கூட்டும் ஒரு மிதியும் அந்த இடத்துக்குள் அடங்க வேண்டும்.

அமைத்ததை அறை நடுவே போனை வைத்து ஒரு பாட்டு பதிவுசெய்து கேளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் கேட்பது உங்களுக்கு மட்டும்தான்.

கடைசியாகக் காது. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்கப் பணிநல நிறுவனமான நியோஷ் சொல்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். சிறிய அறையில் ட்ரம்ஸ் அதைச் சுலபமாகத் தொட்டுவிடும். காதடைப்பான் அவசியம். ஆனால் கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்சு வகை ட்ரெபிளை அதிகமாக விழுங்கும். அதைப் போட்டுக்கொண்டு ஒலி அமைத்தால் வெளியே எல்லோருக்கும் கூர்மையாகக் குத்தும். எல்லாத் தொனியையும் ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பானை வாங்கி, அதைப் போட்டபடியே ஒலியை அமையுங்கள்.