மாய அரங்கின் வாயில்கள்

ஓரிடத்தில் நிற்பவரை வேறோரிடத்தில் நிற்பவராகக் காட்டும் ஆவல் கலையுலகிற்குப் புதியதன்று. 1940ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பாக்தாத் திருடன்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில், நீலத் திரையின் முன் நடித்தோரை வேறு காட்சிகளின்மேற் பொருத்திக் காட்டிய லாரி பட்லர் அதன்பொருட்டு ஒஸ்கார் விருது பெற்றார். 1957இல் வந்த ‘மாயாபஜார்’ படத்தில் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி நிகழ்த்திய கமரா விந்தைகளை நம் மூத்தோர் இன்றும் வியந்து பேசுவர். அன்று பெரும் படக் கம்பனிகளுக்கே இயன்ற அவ்வித்தையை, இன்று ஒரு கணினியும் சில முழப் பச்சைத் துணியும் கொண்டு தோட்டப் பாடசாலையின் சிற்றறையொன்றிலேயே நிகழ்த்தலாம். அதற்குத் துணைசெய்வன மாய அரங்க மென்பொருள்கள். அவற்றுள், 2012ஆம் ஆண்டு முதல் வெளிவரும் ஓ.பி.எஸ். ஸ்ரூடியோ விலையின்றிக் கிடைப்பது; வீமிக்ஸ் என்பது மாய அரங்குகளைத் தன்னுள்ளேயே கொண்டது.

எனினும் அரங்கு எத்துணை அழகியதாயினும், அதனுட் புகும் காட்சி செம்மையாக அமையாவிடின் பயன் யாதுமில்லை. இதனை யான் நூலிற் கற்றேனல்லேன், பட்டறிந்தேன். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெருந்தொற்றுக் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அக்கரப்பத்தனைத் தோட்டங்களில் வாழும் எம் மாணவர்க்காக லகர ளகர ழகர வேறுபாடு பற்றிய பாடமொன்றை என் வீட்டிலேயே பதிவு செய்தேன். என் பின்னே பேரறிஞர் ஒருவரின் நூலகம் போன்ற மாயக் காட்சி விளங்கிற்று. பெருமிதத்தோடு அதனை அனுப்பிவைத்தேன். மறுநாள் மாணவியொருத்தி தொலைபேசியிற் சொன்னாள்: “சேர், பின்னுக்கு இருக்கிற புத்தகமெல்லாம் அழகாத் தெரியுது. நீங்க எழுதினது மட்டும் வாசிக்க ஏலாம இருக்கு.” வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களும் அவள் கண்ணுக்கு ஒன்றேபோல் மங்கித் தோன்றியிருந்தன. தாய் கொழுந்து பறித்து மீண்ட பின்னரே கைபேசி கிடைக்கும் வீட்டில், அப்பிள்ளை காத்திருந்து கண்ட பாடம் அது. அன்று யான் தவறவிட்டது யாது என்பதை ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

கமரா, கைபேசி, ஒலிவாங்கி ஆகியன மென்பொருளின் வாயில்கள். அவற்றின் வழியே உட்புகும் காட்சியையும் ஒலியையும் உள்ளீடு என்பர். ஒவ்வோர் உள்ளீட்டிற்கும் அளவு, வேகம், ஒளி, காலம் என நான்கினை நாம் வரையறுத்தல் வேண்டும்.

முதலாவது அளவு. முழு உயர் தெளிவுக் காட்சியொன்று அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகளாலானது. புள்ளியொன்றிற்கு 16 பிற்று எனக் கொண்டு செக்கனுக்கு 25 சட்டகங்களை அனுப்பின், ஏறத்தாழ 83 கோடி பிற்று வடத்தினூடாகச் செல்லவேண்டும். யூ.எஸ்.பி. 2.0 வடமோ செக்கனுக்கு 48 கோடிக்கு மேற் கொள்ளாது. ஆதலின் கமரா காட்சியைச் சுருக்கியோ, சட்டகங்களைக் குறைத்தோ அனுப்பும். 1280க்கு 720 என்னும் அளவைக் கொண்டால் 37 கோடி பிற்றே போதும். ஆயினும் அத்தகைய கமராக்கள் இரண்டனை ஒரே இணைப்புப் பெட்டியிற் பொருத்தின் மீண்டும் நெரிசலே விளையும்; ஒன்று இயங்க மற்றையது கறுத்துப்போகும். ஆகவே ஒவ்வொன்றையும் கணினியின் தனித்தனித் துவாரத்திற் செருகுதல் நன்று. மூலங்களின் பட்டியலிற் கமராவைச் சேர்த்த பின்னர் அதன் இயல்புகளைத் திறந்து, அளவையும் வேகத்தையும் நாமே குறித்தல் வேண்டும். தானியங்கித் தெரிவை நம்பலாகாது. ஒரே கமராவைப் பல காட்சிகளிற் பயன்படுத்துவதாயின், முன்னர்ச் சேர்த்த மூலத்தையே மீள அழைத்தல் வேண்டும். புதிதாகச் சேர்ப்பின் இரண்டும் ஒரு கருவிக்காகப் போட்டியிடும். பெரிய கமராவை எச்.டி.எம்.ஐ. வடத்தால் இணைப்போர்க்கு இடையே கப்சர் காட் என்னும் சிறு கருவி தேவை. அப்போது கமராவின் திரையிலுள்ள எழுத்துக்களும் குறிகளும் உடன் செல்லாதவாறு அவற்றை முன்னரே மறைத்துவிடுதல் வேண்டும்.

இரண்டாவது வேகம். இலங்கையின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுக்களைக் கொண்டது. எனவே மின்குமிழ் செக்கனுக்கு நூறு முறை கூடிக் குறைந்து ஒளிர்கின்றது. நம் கண் இதனை உணராதெனினும் கமரா உணரும். 60 சுற்றுக்களுள்ள நாடுகளுக்கென அமைக்கப்பெற்ற கமராவை அவ்வாறே பயன்படுத்தின் காட்சியிற் கருங்கோடுகள் ஊர்ந்து செல்லக் காணலாம். கமராவின் அமைப்பில் 50 என்பதைத் தெரிந்து, ஒளி புகும் நேரத்தைச் செக்கனின் ஐம்பதில் ஒன்றாகவோ நூறில் ஒன்றாகவோ வைப்பின் இக்குறை நீங்கும். எல்லா உள்ளீடுகளும் ஒரே வேகத்தில், இயன்றவரை 25 சட்டகமாக, அமைதல் சிறப்பு.

மூன்றாவது ஒளி. பின்னணியைப் பச்சையாக வைப்பதற்குக் காரணமுண்டு. 1976இற் காப்புரிமை பெற்ற பிறைஸ் பேயரின் முறைப்படி அமைந்த கமரா உணரிகளிற் பாதிப் புள்ளிகள் பச்சையையே பற்றுவன. ஆதலின் அந்நிறம் தெளிவாகப் பிரிகின்றது. மென்பொருள் அப்பச்சையை நீக்கி, அவ்விடத்தில் மாய அரங்கினை நிரப்புகின்றது. துணியிற் சுருக்கமோ நிழலோ இருப்பின் பச்சை பல பச்சைகளாகிவிடும், மென்பொருள் தடுமாறும். ஆகவே துணிக்குத் தனி விளக்கு வேண்டும். ஆசிரியர் துணியினின்றும் ஆறடியேனும் முன்னே நிற்றலும் வேண்டும். ஒருமுறை எம் ஆசிரியையொருவர் பச்சைச் சேலையணிந்து வந்தார். திரையில் முகமும் கைகளுமே அந்தரத்தில் மிதந்தன! மாணவர் பெருமகிழ்ச்சியுற்றனர்; பாடம் மட்டும் நிகழவில்லை.

மலைநாட்டிற்கே உரிய இடரொன்றும் உண்டு. காலையில் வெயிலெறிக்கும், கால்மணி நேரத்தில் மூடுபனி வந்து யன்னலை மறைக்கும். ஒளியையும் வெண்மைச் சமநிலையையும் தானே திருத்திக்கொள்ளும் கமரா, பனியின் வருகைக்கேற்பத் துணியின் நிறத்தையும் மாற்றிக் காட்டும். நன்கு நீங்கிய பின்னணி திடீரெனப் புள்ளிபுள்ளியாகத் தோன்றுவது இதனாலேயே. யன்னலைத் திரையிட்டு மறைத்து, விளக்கொளியையே கொண்டு, தானியங்கித் திருத்தங்கள் யாவற்றையும் நிறுத்திவிடுதலே தீர்வாகும்.

நான்காவது காலம். காட்சி, கமராவினின்றும் கணினிக்குட் சென்று திரையை அடைவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். ஒலியோ அதற்கு முன்னரே வந்துவிடும். கமராவின் முன் ஒருமுறை கைதட்டிப் பதிவு செய்து நோக்குக. ஓசை கேட்டு மூன்று சட்டகம் கழித்தே கைகள் கூடுமாயின், 25 சட்டக வேகத்தில் அது 120 மில்லி செக்கன் தாமதமாகும். அத்தொகையை ஒலியின் தாமதமாக மென்பொருளிற் குறிப்பின் இதழசைவும் சொல்லும் ஒன்றும். ஒலிவாங்கி ஆசிரியர்க்கு அணித்தாயிருத்தல் வேண்டும். இன்றேல் தகரக் கூரையில் விழும் மழையே பாடம் நடத்தும்.

இனி, என் முதற் பாடத்தின் பிழைக்கு வருவோம். யான் ஒரே கமராவைக் கொண்டு, தொலைவிலிருந்த பலகையையும் என்னையும் ஒருங்கே காட்ட முயன்றேன். முழுக் காட்சியிற் பத்திலொரு பங்கே எழுத்துக்குக் கிடைத்தது. பின்னர்ப் பழைய கைபேசியொன்றை மேசைக்கு மேலே நேர்கீழ் நோக்கிப் பொருத்தி, வடத்தால் இணைத்து, இரண்டாம் உள்ளீடாக்கினேன். தாளும் பேனாவும் திரை முழுவதும் நிறைந்தன. முகம் ஒரு மூலையிற் சிறிதாக நின்றது. நூலகத்தையோ நீக்கிவிட்டேன், வெறும் வெண்சாம்பற் பின்னணியே போதுமானதாயிற்று.

ஆகவே இப்பணியில் இறங்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் யான் கூறுவது இதுவே. அரங்கினைத் தெரிவுசெய்வதை இறுதிக்கு விடுக. முதலில் வாயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து சோதிக்க. பதிவு செய்ததைக் கணினியின் அகன்ற திரையிலன்றி, விலைகுறைந்த கைபேசியொன்றின் சிறு திரையிற் போட்டு நோக்குக. நம் பிள்ளைகள் காண்பது அங்கேதான். மாய அரங்கு விலையுயர்ந்த பாடசாலைக்கும் நம் மலைப் பாடசாலைக்கும் உள்ள சுவர் வேற்றுமையை மறைக்கலாம். கற்பித்தலின் குறையை மறைக்க அதனால் இயலாது.

இரண்டாம் முறை பதிவு செய்த பாடத்தைக் கண்ட அம்மாணவி பின்னணியைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னாளில்லை. வலி, வளி, வழி என்னும் மூன்றனையும் பிழையின்றி எழுதி, அத்தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்.