கல்லும் மண்ணும் சொல்லும் கதை



அயர்லாந்து நாட்டின் தென்மேற்கில் லிமெரிக் என்ற நகரம் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரம் போனால், பச்சைப் புல்வெளிகளுக்கு நடுவே ஓர் ஏரி தெரியும். அதன் பெயர் லாக் கர். ஐரிஷ் மொழியில் 'லாக்' என்றால் ஏரி. இந்த ஏரி வட்டமாக இருக்காது. பிறைநிலா போல வளைந்து, நாக்கடூன் என்ற குன்றைச் சுற்றிக் கிடக்கும். தண்ணீரில் அன்னங்கள் நீந்தும். கரையில் மாடுகள் மேயும்.

பார்த்தால் அமைதியான கிராமம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் இங்கே வீடு கட்டி வாழ்ந்தார்கள். அவர்களிடம் எழுத்து இல்லை. புத்தகமும் இல்லை.

"எழுத்தே இல்லைன்னா, அவங்க இங்கே வாழ்ந்தது நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறீங்களா? நல்ல கேள்வி! வாங்க, பார்ப்போம்.

மண் சொல்வது

பழைய காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று மண்ணைத் தோண்டி ஆராய்கிறவர்களைத் தொல்லியல் அறிஞர்கள் என்கிறோம். ஷான் ஓ ரியர்டான் அப்படிப்பட்ட ஓர் அறிஞர். அவர் 1930களில் லாக் கர் பகுதியில் தோண்டத் தொடங்கினார்.

நாக்கடூன் குன்றில் அவருக்குப் பழைய வீடுகளின் அடையாளங்கள் கிடைத்தன. மரத்தூண்கள் எப்போதோ மக்கிப் போயிருந்தன. ஆனால் தூண் நட்ட குழிகள் இருந்தன! மரம் மக்கியதும் அந்தக் குழியில் வேறு மண் நிறையும். அதன் நிறம் சுற்றியுள்ள மண்ணின் நிறத்திலிருந்து மாறுபடும். அந்த நிறத்தைப் பார்த்து, தூண் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கலாம். குழிகளையும் சுவரின் அடிக்கற்களையும் வைத்து, சில வீடுகள் வட்டமாக இருந்தன, சில செவ்வகமாக இருந்தன என்று தெரிந்துகொண்டார்கள்.

மண்ணில் மாட்டு எலும்புகளும் நிறையக் கிடைத்தன. அதனால் அந்த மக்கள் மாடு வளர்த்தார்கள் என்று தெரிகிறது. பார்த்தீங்களா? மண்ணும் பேசுகிறது!

கல் சொல்வது

ஏரிக்குப் பக்கத்தில் கிரேஞ்ச் கல் வட்டம் இருக்கிறது. அயர்லாந்தில் உள்ள கல் வட்டங்களில் இதுவே மிகப் பெரியது. 113 கற்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. வட்டத்தின் குறுக்களவு சுமார் 45 மீட்டர். கற்களில் மிகப் பெரியது 4 மீட்டருக்கு மேல் உயரமானது. அதன் எடை சுமார் 40 டன் என்று சொல்கிறார்கள். இயந்திரம் இல்லாத காலத்தில் அதை எப்படி நகர்த்தியிருப்பார்கள்! பலர் ஒன்றுசேர்ந்துதானே இழுத்திருக்க வேண்டும்?

வட்டத்தின் நடுவில் தோண்டியபோது ஒரு சிறிய குழி கிடைத்தது. அங்கே ஒரு கம்பு நட்டிருந்தார்கள். ஏன் தெரியுமா? கம்பில் கயிற்றைக் கட்டி, கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றி நடந்தால் சரியான வட்டம் கிடைக்கும். இப்போது நீங்கள் காம்பஸ் வைத்து வட்டம் போடுகிறீர்கள் அல்லவா? அதே வழிதான்!

ஏரி மறைத்து வைத்தது

19ஆம் நூற்றாண்டில் ஏரித் தண்ணீரில் ஒரு பகுதியை வடித்தார்கள். நீர்மட்டம் இறங்கியது. கரையில் பழைய பொருள்கள் பல வெளியே வந்தன. மக்கள் அவற்றைப் பொறுக்கி விற்றார்கள். பல பொருள்கள் எங்கெங்கோ போய்விட்டன.

"பொருள் எங்கே இருந்தால் என்ன?" என்று தோன்றலாம். கொஞ்சம் யோசியுங்கள். அந்தச் சிறிய குழி வட்டத்தின் நடுவில் இருந்ததால்தான் கயிற்றின் கதை தெரிந்தது. ஒரு பொருள் கிடைத்த இடம் தெரியாமல் போனால், அதன் கதையில் பாதி போய்விடும்.

ஏரிக்கு அருகில் உள்ள சதுப்பு நிலத்தில் ஓர் அழகான வெண்கலக் கேடயம் கிடைத்தது. கேடயம் என்றால், வீரர்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கையில் பிடிப்பது. அதன் வயது ஏறத்தாழ 2,700 ஆண்டுகள். அது இப்போது டப்ளின் நகரத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது கிடைத்த இடம் தெரியும். அதனால் 'லாக் கர் கேடயம்' என்றே அதற்குப் பெயர்.

மக்கள் சொல்வது

ஊர் மக்கள் ஒரு கதை சொல்வார்கள். 14ஆம் நூற்றாண்டில் கரோட் ஈர்லா என்ற பிரபு இந்தப் பகுதியை ஆண்டார். அவர் ஐரிஷ் மொழியில் கவிதையும் எழுதினார். அவர் இறக்கவில்லையாம், ஏரிக்கு அடியில் தூங்குகிறாராம்! ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளைக் குதிரையில் ஏறி ஏரியைச் சுற்றி வருவாராம். குதிரையின் வெள்ளி லாடங்கள் தேய்ந்து முடிந்ததும், அவர் திரும்பி வந்துவிடுவாராம்.

இது நடந்த செய்தி அல்ல, கதை. ஆனாலும் பாட்டி சொல்லிப் பேரன் கேட்டு, இன்றுவரை வந்திருக்கிறது.

நீங்கள் லாக் கர் போனால் கற்களைத் தொட்டுப் பாருங்கள். ஆனால் ஒரு சிறு ஓட்டைக்கூட எடுத்துப் பையில் போட வேண்டாம். பழைய பொருள் ஏதாவது கண்ணில் பட்டால், அதை அங்கேயே விட்டுவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

பயிற்சி

1. தூண்கள் மக்கிப் போன பிறகும் வீடுகள் இருந்த இடம் எப்படித் தெரிந்தது?
2. ஒரு குச்சியும் கயிறும் எடுத்து, நண்பர்களுடன் மைதானத்தில் பெரிய வட்டம் போட்டுப் பாருங்கள்.
3. உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய பொருள் எது? அது எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்டு ஐந்து வரிகள் எழுதுங்கள்.