ஆட்டிசம்: ஆய்வு வகுப்பறைக்கு வருவது எப்படி?

ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் தஞ்சை வயல்களில் தானாகப் பரவிவிடவில்லை. வேளாண் அலுவலர்கள் ஊர் ஊராக எடுத்துச் சென்றார்கள். உழவர்கள் தங்கள் மண்ணில் நட்டுப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கான ஆய்வுகளும் டெல்டா பள்ளிகளுக்கு இப்படித்தான் வந்துசேர முடியும்.

சட்டம் என்ன தருகிறது?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசுப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு, ஆட்டிசத்தை அளக்கும் 40 கூறுகள் கொண்ட இந்திய மதிப்பீட்டு அளவுகோல் பயன்படுகிறது. 70 முதல் 106 வரை மதிப்பெண் என்றால் லேசானது, 153-ஐத் தாண்டினால் தீவிரமானது. ஆனால் திங்கட்கிழமை கணக்குப் பாடத்தை எப்படி நடத்துவது என்று அந்த எண் ஆசிரியருக்குச் சொல்லாது.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு, 1990 முதல் 2017 வரை வெளியான ஆய்வுகளை அலசி, பலன் உறுதியான 28 வழிமுறைகளை 2020-இல் வெளியிட்டது. படங்கள் மூலம் உணர்த்துவது, வேலையைச் சிறு படிகளாகப் பிரிப்பது, சக மாணவர்களைத் துணையாக்குவது ஆகியவை அவற்றில் அடங்கும். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. இறைவணக்கம், கணக்கு, சத்துணவு, விளையாட்டு என்று நாளின் வரிசையைப் படங்களாக ஒட்டினால், அடுத்து என்ன என்ற பதற்றம் குறையும். செயல்வழிக் கற்றல் முறையின் ஏணிப்படி அட்டைகளைக் கையாண்ட தமிழக ஆசிரியர்களுக்கு இது பழகிய பாதைதான்.

எங்கே திருத்த வேண்டும்?

வெளிநாட்டுக் கையேட்டில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: வடகிழக்குப் பருவமழையின் திடீர் விடுமுறை. பழகிய ஒழுங்கு குலைந்தால் தவிக்கும் குழந்தைக்கு ‘மழை விடுமுறை’ என்றொரு பட அட்டை தேவை. விடுமுறைச் செய்தி வருவது வீட்டுக்கு என்பதால் அந்த அட்டை வீட்டிலும் இருக்க வேண்டும். இதற்குப் பெற்றோரையும் பழக்க வேண்டும்; அது முடியாததல்ல. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், நிபுணரல்லாத களப்பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி அளித்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கறிந்து பேசினார்கள். குழந்தைகளும் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது.

யார் கொண்டுசேர்ப்பது?

வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்தான். பல பள்ளிகளுக்குப் போகவேண்டிய அவர், வரும் நாளில் குழந்தையோடு மட்டும் அமர்ந்துவிட்டுப் போனால் மற்ற நாட்களில் வகுப்பு பழையபடியே நடக்கும். அவர் வரும் நாளில் அரைமணி நேரத்தை வகுப்பாசிரியருக்கு ஒதுக்க வேண்டும். எந்தப் படம் உதவியது, எந்தச் சத்தம் குழந்தையின் கவனத்தைக் கலைத்தது என்று ஆசிரியர் குறித்துவைத்ததைப் பார்த்து, அடுத்த வாரத்துக்கு ஒரேயொரு மாற்றத்தை இருவரும் முடிவுசெய்தால் போதும்.