செங்கல்லில் ஒரு சேமிப்பு

சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் அருகே, ராஜாஜி சாலையில் செக்கச் சிவந்து நிற்கும் ஸ்டேட் வங்கிக் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா?

1843-இல் தொடங்கிய பாங்க் ஆஃப் மெட்ராஸ், 1890-களில் எழுப்பிய மாளிகை அது. வடிவமைப்பில் ஹென்றி இர்வினின் கைவண்ணம். கட்டி முடித்தவர், உயர் நீதிமன்றத்தையும் கட்டிய நம்பெருமாள் செட்டியார். 1921-இல் இம்பீரியல் வங்கி, 1955-இல் ஸ்டேட் வங்கி என்று பெயர்ப்பலகை மாறியது. செங்கல் சுவரும் கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் அதே அழகோடு நின்றன.

2014 ஜூலையில் அங்கே தீப்பிடித்தபோது நகரமே பதறியது. எத்தனை கோடி கொட்டினாலும் அந்தக் காலத்துக் கொத்தனாரின் கைவேலை திரும்ப வருமா?

பாரிமுனைக்குச் சாமான் வாங்கப் போகும்போது, பிள்ளைகளையும் அழைத்துப்போய் இந்தக் கட்டடத்தைக் காட்டுங்கள்.